யூலிமிட் போட்டும் சர்வர் படுத்துடுச்சா? லினக்ஸ்ல யூசருக்கு லிமிட் போடுறது எப்படி

ஒரு லேப் சர்வர், 16 கோர், 64 ஜிபி ரேம், நாப்பது பேர் லாகின் பண்ணுவாங்க. ஒரு நாள் சாயங்காலம் பிங் வருது, எஸ்எஸ்ஹெச் மட்டும் உள்ள விட மாட்டேங்குது. நேரா போய் கன்சோல்ல பாத்தா, ஒரு பையன் பைத்தான்ல மல்டிபிராசஸிங் எழுதுறேன்னு லூப்ப தப்பா போட்டு, ஒவ்வொண்ணும் 2 ஜிபி திங்குற மாதிரி முப்பத்தி சொச்சம் பிராசஸ கிளப்பி விட்டுட்டு டீ குடிக்க போயிட்டான். கொடுமை என்னன்னா முந்தின வாரம் தான் நான் ஆளுக்கு 4 ஜிபின்னு லிமிட் போட்டு வச்சிருந்தேன். போட்டுட்டதா நெனச்சிட்டு இருந்தேன், அவ்ளோ தான்.

நான் போட்டது ஆளுக்கு இல்ல, பிராசஸுக்கு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாம தான் நிறைய பேர் யூலிமிட்ட, அதாவது ஷெல்ல இருந்தே லிமிட் போடுற கமாண்ட, மாத்தி மாத்தி போட்டு மண்டைய உடைச்சுக்கிறாங்க, அதனால அத முதல்ல சொல்லிட்டு அப்புறம் செட்டிங்ஸுக்கு போறேன். கமாண்ட், ஃபைல் பேரு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க, வாய்விட்டு படிச்சா என்னன்னு தெரிஞ்சிடும்.

தலைக்கு இவ்ளோ

கெர்னல்ல, அதாவது லினக்ஸோட மையப் பகுதில, ஆர்லிமிட்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. இது லினக்ஸுக்கும் மூத்தது, 1983ல வந்த 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ்லயே இதுக்கான சிஸ்டம் கால் இருந்துச்சு. ஒவ்வொரு பிராசஸ் கூடவும் ஒரு குட்டி டேபிள் ஒட்டிக்கிட்டே போகும், எத்தனை ஃபைல் திறக்கலாம், அட்ரஸ் ஸ்பேஸ் எவ்ளோ, சிபியூ எத்தனை செகண்ட், ஸ்டாக் எவ்ளோ, புரோகிராம் கிராஷ் ஆனா விழுற கோர் ஃபைல் எவ்ளோ பெருசா இருக்கலாம்னு. ஒரு பிராசஸ் ஃபோர்க் ஆனா, அதாவது தன்ன மாதிரியே இன்னொரு பிராசஸ பெத்தா, பிள்ளைக்கு அந்த டேபிள் அப்படியே காப்பி ஆகும். கவனிங்க, காப்பி தான் ஆகும், பாகப்பிரிவினை கிடையாது. அப்பாவுக்கு 4 ஜிபின்னா பிள்ளைக்கும் தனியா 4 ஜிபி, பேரனுக்கும் தனியா 4 ஜிபி. ரேஷன்ல தலைக்கு இவ்ளோன்னு குடுத்தா பெரிய குடும்பத்துக்கு மூட்டை மூட்டையா போகும்ல, அதே கதை தான்.

இதுல முக்கியமான விதிவிலக்கு என்ப்ராக், எத்தனை பிராசஸ் ஓடலாம்ங்கிற லிமிட். அது மட்டும் அந்த யூசர் ஐடில ஓடுற எல்லாத்தையும் கூட்டி எண்ணும், அதுவும் பிராசஸ மட்டும் இல்ல, ஒரு பிராசஸுக்குள்ளயே தனித்தனியா ஓடுற த்ரெட்டையும் சேத்து எண்ணும். ஜாவா, நோட், பிரவுசர் மாதிரி ஆளுங்க ஒவ்வொண்ணும் டஜன் கணக்குல த்ரெட் வச்சிருப்பாங்க, அதனால என்ப்ராக்க 50, 60ன்னு கஞ்சத்தனமா போட்டீங்கன்னா யூசருக்கு எல்எஸ் கூட ஓடாது, ஃபோர்க் பண்ண முடியலன்னு எரர் வரும். ரூட்டுக்கு இந்த லிமிட் பொருந்தாது.

மெமரிக்குன்னு ரெண்டு ஐட்டம் கண்ணுல படும், ரெண்டையும் நம்பாதீங்க. ஆர்எஸ்எஸ், நிஜமா ரேம்ல இருக்கிற அளவு, பேருக்கு இருக்கு, 2.4.30 கெர்னல்ல இருந்தே அது எதையும் பண்றதில்ல, நீங்க என்ன நம்பர் போட்டாலும் வாங்கி வச்சுக்கும், ஒண்ணும் நடக்காது. ஏஎஸ்ங்கிறது வேலை செய்யும், ஆனா அது எண்ணுறது நிஜமா பயன்படுத்துற ரேம இல்ல, பிராசஸ் வளைச்சு போட்டு வச்சிருக்கிற அட்ரஸ் ஸ்பேஸ. ஜாவாவும் கோ-வும் கிளம்பும்போதே பெரிய ஏரியாவுக்கு துண்டு போட்டு வைக்கிற ஆளுங்க, நிஜமா தொடுறது கொஞ்சம் தான். ஏஎஸ் லிமிட் போட்டா அதுங்க காரணமே இல்லாம செத்து விழும், அதே நேரத்துல நம்ம பைத்தான் பையன் மாதிரி முப்பது பிராசஸ் விடுற ஆள் ஜாலியா ஓட்டிட்டு இருப்பான்.

சாஃப்ட், ஹார்டுன்னு ரெண்டு இருக்கும். சாஃப்ட் தான் நடைமுறைல இருக்குற லிமிட், அத யூசரே ஹார்ட் வரைக்கும் ஏத்திக்கலாம். ஹார்ட இறக்கலாம், இறக்கினா திரும்ப ஏத்த சாதா யூசரால முடியாது. சோதிச்சு பாக்குறேன்னு யூலிமிட் போட்டு, ஏத்த முடியாம முழிச்சீங்கன்னா பயப்படாதீங்க, அந்த ஷெல்ல மூடிட்டு புதுசா லாகின் பண்ணா சரியாயிடும். இன்னொண்ணு, சூடோ யூலிமிட்னு அடிச்சா பல சிஸ்டத்துல கமாண்டே இல்லன்னு சொல்லும், ஏன்னா யூலிமிட் தனி புரோகிராம் கிடையாது, ஷெல்லுக்குள்ளயே இருக்கிற கமாண்ட்.

லிமிட்ஸ் ஃபைல்ல எழுதுறது

ஃபைல் இருக்கிற இடம் /ஈடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப். அதுல கை வைக்காம பக்கத்துல லிமிட்ஸ்.டி ஃபோல்டர்ல புதுசா ஒரு ஃபைல் போடுறது நல்லது, அப்டேட் வரும்போது தொல்லை இல்ல. ஒவ்வொரு வரிலயும் நாலு பகுதி: யாருக்கு, எந்த வகை, எது, எவ்ளோ. குரூப்னா முன்னாடி @ போடணும். நோஃபைல்ங்கிறது எத்தனை ஃபைல் திறக்கலாம்ங்கிறது.

@ஸ்டூடன்ட்ஸ் சாஃப்ட் என்ப்ராக் 400
@ஸ்டூடன்ட்ஸ் ஹார்ட் என்ப்ராக் 600
@ஸ்டூடன்ட்ஸ் ஹார்ட் நோஃபைல் 8192
@ஸ்டூடன்ட்ஸ் ஹார்ட் கோர் 0

சிபியூ டைமையும் இங்க போடலாம், நான் போடல. காரணம் இருக்கு. இந்த ஃபைல்ல சிபியூவுக்கு கணக்கு நிமிஷம், ஷெல்ல யூலிமிட்ல அதுவே செகண்ட், இந்த குழப்பமே ஒரு பக்கம். அத விட பெரிய விஷயம், அது கடிகார நேரம் இல்ல, சிபியூ ஓடின நேரம், பிராசஸோட எல்லா த்ரெட்டையும் கூட்டி வரும். 120 நிமிஷம்னு போட்டு வச்சா, 16 கோரையும் முழுசா ஓட்டுற ஒரு புரோகிராம் ஏழரை நிமிஷத்துல செத்துடும். ஏழரைன்னு சும்மா சொல்லல, 120ஐ 16ஆல வகுத்து பாருங்க!

யூசர் பேர போட்டு எழுதினது குரூப்புக்கு எழுதினத விட பெருசு. * போட்டு எழுதினதும் குரூப்புக்கு எழுதினதும் ரூட்ட தொடாது, ரூட்டுக்கு வேணும்னா ரூட்னு பேர் சொல்லியே எழுதணும். லிமிட்ஸ்.டி-ல இருக்கிற ஃபைலெல்லாம் மெயின் ஃபைலுக்கு அப்புறமா பேர் வரிசைல படிக்கப்படும். ரெட் ஹாட் 7ல 20-என்ப்ராக்.கான்ஃப்னு ஒரு ஃபைல் ஏற்கனவே உக்காந்திருக்கும், எல்லாருக்கும் சாஃப்ட் 4096ன்னு. மெயின் ஃபைல்ல நீங்க * போட்டு எழுதுற நம்பர அது சத்தமில்லாம அடிச்சுட்டு போயிடும், நம்ம ஃபைல தான் படிக்கலன்னு நெனச்சு பாதி நாள் போயிரும்.

ஒரு எச்சரிக்கை, நோஃபைல்ல பெரிய நம்பர் எழுதும்போது கெர்னல்ல எஃப்எஸ்.என்ஆர்_ஓப்பன்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, டிஃபால்ட் 1048576. அதுக்கு மேல எழுதினா லாகின் ஆகும்போது லிமிட்ட செட் பண்ண முடியாம செஷனே திறக்காது, அதுவும் ரூட்டுக்கு எழுதி வச்சிருந்தீங்கன்னா வீட்ட பூட்டிட்டு சாவிய உள்ள வச்ச கதை. இந்த ஃபைல மாத்தும்போதெல்லாம் இன்னொரு டெர்மினல்ல ரூட் செஷன் ஒண்ணு திறந்தே வச்சிருங்க, புது லாகின் சரியா வருதுன்னு பாத்துட்டு அப்புறம் மூடுங்க.

இந்த ஃபைல கெர்னல் படிக்கிறதில்ல. லாகின பாத்துக்கிற பாம்-ல (பிஏஎம்) இருக்கிற பாம்_லிமிட்ஸ்ங்கிற மாட்யூல் லாகின் நேரத்துல படிச்சு செட் பண்ணி விடுது, அவ்ளோ தான். அதனால தான் இவ்ளோ தொல்லை: ஏற்கனவே உள்ள இருக்கிறவங்களுக்கு எதுவும் மாறாது, டெர்மினல பின்னாடி உயிரோட வச்சிருக்கிற டிமக்ஸோட பழைய சர்வர் ஓடிட்டு இருந்தா அதுக்குள்ள திறக்கிற புது விண்டோவுக்கும் பழைய லிமிட் தான் வரும், எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்ல யூஸ்பாம் நோன்னு இருந்தா யாருக்குமே வராது. சிஸ்டம்டி, அதாவது சர்வீஸையெல்லாம் கிளப்பி மேய்க்கிற லினக்ஸ் மேனேஜர், கிளப்புற சர்வீஸ் எதுவும் இந்த ஃபைல எட்டியே பாக்காது, டேட்டாபேஸுக்கு ஓப்பன் ஃபைல் பத்தலன்னு இங்க வந்து எழுதுறது வீண் வேலை, அதுக்கு அந்த சர்வீஸோட யூனிட் ஃபைல்ல லிமிட்நோஃபைல்=65536 மாதிரி எழுதணும் (லிமிட்ல முதல் எழுத்தும், நோஃபைல்ல எல்லா எழுத்தும் கேபிடல்). டெஸ்க்டாப்லயும் க்னோம் டெர்மினல் மாதிரி சிலது யூசரோட சிஸ்டம்டி வழியா கிளம்புறதால எஸ்எஸ்ஹெச்ல ஒரு நம்பரும் டெர்மினல்ல வேற நம்பரும் காட்டலாம்.

அதனால எழுதினத நம்பாதீங்க, கெர்னல கேளுங்க. கேட் /ப்ராக்/செல்ஃப்/லிமிட்ஸ்னு அடிச்சா உங்க ஷெல்லோட நிலவரம், செல்ஃப் இருக்கிற இடத்துல பிஐடி போட்டா அந்த பிராசஸோடது. ஓடிட்டு இருக்கிற பிராசஸுக்கு நிறுத்தாமலே மாத்தணும்னா ரூட்டா இருந்து இத அடிக்கலாம்:

பிஆர்லிமிட் --பிஐடி 4321 --நோஃபைல்=4096:8192

கோலனுக்கு முன்னாடி சாஃப்ட், பின்னாடி ஹார்ட். நடுராத்திரி உயிர காப்பாத்துற கமாண்ட் இது.

கார்டுக்கு இவ்ளோ

இனி தான் மெயின் மேட்டர். ஒரு யூசர் எத்தனை பிராசஸ் விட்டாலும் மொத்தமா இவ்ளோ தான்னு சொல்ல சிக்ரூப் வேணும், பிராசஸையெல்லாம் ஒரு குழுவா கட்டி கணக்கு பாக்குற கெர்னல் வசதி அது. தலைக்கு இவ்ளோங்கிறது ஆர்லிமிட், வீட்டு ரேஷன் கார்டுக்கு இவ்ளோங்கிறது சிக்ரூப். 2006ல கூகுள் இன்ஜினியருங்க ஆரம்பிச்ச வேலை, 2008ல 2.6.24 கெர்னல்ல வந்துச்சு, அப்புறம் அதோட குளறுபடியெல்லாம் சரி பண்ணி திருத்தி எழுதின ரெண்டாவது வெர்ஷன் 2016ல 4.5 கெர்னல்ல அதிகாரப்பூர்வமா வந்துச்சு. ஃபெடோரா 31, டெபியன் 11, உபுண்டு 21.10, ரெட் ஹாட் 9ல இருந்து ரெண்டாவது தான் டிஃபால்ட். உங்ககிட்ட எது இருக்குன்னு பாக்க:

ஸ்டாட் -எஃப்சி %டி /சிஸ்/எஃப்எஸ்/சிக்ரூப்

%டி-ல டி மட்டும் கேபிடல். சிக்ரூப்2எஃப்எஸ்னு வந்தா நல்லது. டிஎம்பிஎஃப்எஸ்னு வந்தா பழசு, கீழ சொல்றதுல பாதி ஓடாது.

நல்ல விஷயம் என்னன்னா குரூப்ப நீங்க கையால உருவாக்க வேண்டியதே இல்ல. யாரு லாகின் பண்ணாலும் சிஸ்டம்டி அவங்க யூஐடி (யூசர் நம்பர்) பேர்ல ஸ்லைஸ்னு ஒரு சிக்ரூப் போட்டு அவங்களோட எல்லா செஷனையும் அதுக்குள்ள தள்ளி விடும். யூஐடி 1001னா யூசர்-1001.ஸ்லைஸ். அவங்க மூணு இடத்துல இருந்து எஸ்எஸ்ஹெச் பண்ணாலும், லாகவுட் ஆனாலும் வேலை ஓடட்டும்னு நோஹப் போட்டுட்டு வீட்டுக்கு போனாலும், எல்லாம் அந்த ஒரே பைக்குள்ள தான். நாம பை எவ்ளோ பெருசுன்னு சொன்னா போதும். ஒருத்தருக்கு மட்டும் உடனே போடணும்னா:

சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டி யூசர்-1001.ஸ்லைஸ் மெமரிமேக்ஸ்=8ஜி டாஸ்க்ஸ்மேக்ஸ்=600

மெமரிமேக்ஸ்ல நடுவுல ஸ்பேஸ் கிடையாது, மெமரிக்கும் மேக்ஸுக்கும் முதல் எழுத்து கேபிடல், மத்ததுக்கும் அப்படியே, சிபியூ மட்டும் மூணு எழுத்தும் கேபிடல், 8ஜி-ல வர்ற ஜியும் கேபிடல். அடிச்ச செகண்டே அமலுக்கு வந்துடும், லாகவுட் பண்ண சொல்ல வேண்டியதில்ல. ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்கும், தற்காலிகமா போதும்னா --ரன்டைம் சேத்துக்கோங்க.

எல்லா யூசருக்கும் ஒரே மாதிரி போட, /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/யூசர்-.ஸ்லைஸ்.டி/ன்னு ஒரு ஃபோல்டர் போடுங்க, டைப்போ இல்ல, ஹைஃபனுக்கு அப்புறம் நம்பர் இல்லாம அப்படியே தான் இருக்கணும், அப்ப தான் எல்லா நம்பருக்கும் பொருந்தும். சிஸ்டம்டி 239ல இருந்து இது உண்டு. உள்ள 50-லிமிட்ஸ்.கான்ஃப்:

[ஸ்லைஸ்]
மெமரிஹை=6ஜி
மெமரிமேக்ஸ்=8ஜி
மெமரிஸ்வாப்மேக்ஸ்=1ஜி
சிபியூவெயிட்=100
டாஸ்க்ஸ்மேக்ஸ்=600

அப்புறம் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட். லாகின் செஷன பாத்துக்கிற லாகின்டி-யோட கான்ஃபிக்ல யூசர்டாஸ்க்ஸ்மேக்ஸ்னு எழுத சொல்ற பழைய குறிப்பு இன்னும் சுத்திட்டு இருக்கு, அத விட்டுடுங்க, அந்த வேலைய இப்ப இந்த ஃபைல் தான் பாக்குது. நீங்க எதுவும் எழுதலன்னா டாஸ்க்ஸ்மேக்ஸ் டிஃபால்ட்டா 33 சதவீதம், கேக்க கம்மியா இருக்கும், ஆனா 64 பிட் மெஷின்ல அது சாதாரண சர்வர கவுக்க தாராளமா போதும்.

ஹை, மேக்ஸ் ரெண்டும் வேற வேற. ஹைய தாண்டினா கெர்னல் அந்த யூசரோட பிராசஸ பிடிச்சு இழுத்து மெதுவாக்கும், மெமரிய திரும்ப பிடுங்க பாக்கும், கொல்லாது. மேக்ஸ தொட்டு, பிடுங்கவும் எதுவும் இல்லன்னா, மெமரி தீந்தா பிராசஸ கொல்ற ஓஓஎம் கில்லர் அந்த ஸ்லைஸுக்குள்ள மட்டும் வந்து ஒண்ண போடும். அடுத்தவங்க பிராசஸ தொடாது, இதுக்கு தான் இவ்ளோ பாடும். ஸ்வாப்புக்கும் (ரேம் பத்தாதப்ப டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) சேத்து எழுத மறக்காதீங்க, இல்லன்னா ரேம் லிமிட்ட தாண்டினதெல்லாம் ஸ்வாப்புக்கு போய் டிஸ்க்க அரைச்சு, சாகாமலும் ஓடாமலும் மெஷின் இழுத்துட்டு கிடக்கும்.

8 ஜிபி வீதம் நாப்பது பேருன்னா 320 ஜிபி ஆச்சே, இருக்கிறது 64 தானேன்னு கேப்பீங்க. நாப்பது பேரும் ஒரே நேரத்துல உச்சத்துக்கு போறது இல்ல, 64ஐ நாப்பதால வகுத்து ஒன்றரை ஜிபி குடுத்தா யாராலயும் வேலை பாக்க முடியாது. ஆனா ஒரு நாள் பத்து பேர் சேந்து முட்டுவாங்க, அதுக்காக மொத்த யூசர்.ஸ்லைஸுக்கும் மெமரிமேக்ஸ்=56ஜின்னு ஒரு மூடி போட்டுடுங்க, எஸ்எஸ்ஹெச் டீமன் (பின்னாடி ஓடிட்டே இருக்கிற சர்வீஸ்) சிஸ்டம்.ஸ்லைஸ்ல இருக்கிறதால மீதி 8 ஜிபி அதுக்கும் மத்த சர்வீஸுக்கும் மிஞ்சும். அட்மின் உங்க யூஐடிக்கு தனியா யூசர்-1000.ஸ்லைஸ்.டி போட்டு மெமரிஹை, மெமரிமேக்ஸ் ரெண்டையும் இன்ஃபினிட்டின்னு வச்சுக்கோங்க, ஃபைல் பேரு 90ல ஆரம்பிக்கட்டும், அப்ப தான் 50க்கு அப்புறம் படிக்கும்.

சிபியூ பத்தி என் கருத்து, சிபியூகோட்டாவ முடிஞ்ச வரைக்கும் போடாதீங்க. கோட்டா 400%ன்னா நாலு கோர், அதுக்கு மேல கெடயாது, ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் காலியா கிடந்தாலும் கெடயாது. அது அநியாயம். வெயிட் அப்படி இல்ல, போட்டி இருக்கும்போது மட்டும் பங்கு போடும், காலியா இருந்தா 16 கோரும் உனக்கே. டிஃபால்ட்டே 100 தானே, எதுக்கு எழுதணும்னு தோணும். எழுதினா தான் அந்த இடத்துல சிபியூ கன்ட்ரோலர சிஸ்டம்டி கட்டாயம் ஆன் பண்ணும். ஆன் ஆயிட்டா பங்கு யூசர் வாரியா பிரியும், 60 பிராசஸ் ஓட்டுறவனுக்கும் ஒரே ஒரு வெயிட்டான பிராசஸ் ஓட்டுறவளுக்கும் சரிசமம். ஆன் ஆகலன்னா கெர்னல் யூசர் கணக்கு பாக்காது, பிராசஸ் கணக்குலயோ செஷன் கணக்குலயோ பிரிக்கும், அது நிறைய வச்சிருக்கிறவன் தான் ராஜா.

வேலை செய்யுதான்னு பாக்குறது

டெஸ்ட் யூசர் ஒண்ணு போட்டு, முதல்ல சிஸ்டம்சிடிஎல் ஷோ யூசர்-1050.ஸ்லைஸ் -பி மெமரிமேக்ஸ்னு அடிச்சு நம்பர் ஏறியிருக்கான்னு உறுதி பண்ணிட்டு, அந்த யூசரா எஸ்எஸ்ஹெச் பண்ணி டெய்ல் /டெவ்/ஜீரோன்னு அடிங்க. டெய்ல் கடைசி வரி வரும்னு காத்துட்டே இருக்கும், ஜீரோல வரியே முடியாது, வாங்கி வாங்கி மெமரிய நிரப்பும். மெமரிஹை போட்டிருக்கிறதால கடைசில கொஞ்சம் நொண்டும், அப்புறம் கில்ட்னு வந்து நிக்கணும், பக்கத்து டெர்மினல்ல உங்க வேலை அசையாம இருக்கணும். நம்பர் ஏறாம இத அடிச்சீங்கன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

யாரு எவ்ளோ திங்குறாங்கன்னு நேரடியா பாக்க சிஸ்டம்டி-சிஜிடாப். யாரோட பிராசஸாவது செத்துச்சான்னு பாக்க /சிஸ்/எஃப்எஸ்/சிக்ரூப்/யூசர்.ஸ்லைஸ்/யூசர்-1001.ஸ்லைஸ்/ உள்ள மெமரி.ஈவன்ட்ஸ் ஃபைல்ல ஓஓஎம்_கில் எண்ணிக்கைய பாருங்க, அதே இடத்துல பிஐடிஎஸ்.கரன்ட், மெமரி.கரன்ட்டும் இருக்கும். ஒரு யூசருக்குன்னு தனியா போட்டதெல்லாம் வேணாம்னா சிஸ்டம்சிடிஎல் ரிவெர்ட் யூசர்-1001.ஸ்லைஸ்.

ஓட்டை எங்கெங்க இருக்கு

பெரிய ஓட்டை டாக்கர், புரோகிராம கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற டூல். டாக்கர் குரூப்ல இருக்கிற யூசர் ஒரு கன்டெய்னர் கிளப்பினா அத கிளப்புறது டாக்கர் டீமன், அதனால அது யூசர் ஸ்லைஸுக்குள்ள வராது, சிஸ்டம்.ஸ்லைஸ்ல போய் உக்காரும், நீங்க விட்டு வச்ச 8 ஜிபிய அது தின்னும். டாக்கர் குரூப் குடுக்கிறதே ரூட் குடுக்கிற மாதிரி தான், அதுக்கு பதிலா ரூட் இல்லாமலே கன்டெய்னர் ஓட்டுற ரூட்லெஸ் பாட்மேன் குடுங்க, அது யூசர் ஸ்லைஸுக்குள்ளயே ஓடும்.

அடுத்தது கிரான், சொன்ன நேரத்துக்கு வேலைய தானா ஓட்டுற சர்வீஸ். டெபியன், உபுண்டுல யூசரோட கிரான் வேலையெல்லாம் கிரான்.சர்வீஸுக்குள்ளயே ஓடும், அந்த யூனிட்டுக்கு தனியா மெமரிமேக்ஸ் போடுங்க, இல்ல /ஈடிசி/கிரான்.அலவ்ல யாருக்கு அனுமதின்னு பேர் எழுதி கட்டுப்படுத்துங்க. எஸ்யூ போட்டு வேற யூசரா மாறினாலும் கணக்கு முதல்ல லாகின் பண்ணவங்க ஸ்லைஸ்ல தான் ஏறும், இது ஓட்டைன்னு சொல்ல முடியாது, தெரியாம குழம்பாம இருக்க சொல்றேன். /டெவ்/எஸ்ஹெச்எம்-ல எழுதுற ஃபைல் ரேம்ல இருக்கிறதால எழுதினவங்க மெமரி கணக்குல வரும், நல்லது தான். டிஸ்க் இடம் மட்டும் இதுல எதுலயும் அடங்காது, அது ஃபைல்சிஸ்டம் கோட்டா, வேற வேலை.

கடைசியா, லிமிட் என்னன்னு /ஈடிசி/எம்ஓடிடி-ல ரெண்டு வரி எழுதி லாகின் ஆனதும் கண்ணுல படுற மாதிரி வைங்க, 8 ஜிபிக்கு மேல போனா புரோகிராம் கில்ட் ஆகும், அதிகம் வேணும்னா அட்மின்கிட்ட கேளுங்கன்னு. நான் அத எழுதாம விட்டதால அந்த பையனே மறுவாரம் வந்து, "அண்ணா, சர்வர்ல ரேம் எதுவும் பழுதாயிடுச்சா, என் புரோகிராம் மட்டும் கில்ட்னு சொல்லி நின்னுடுது"ன்னு கேட்டான்.